லெட்டருக்கு உலகம் முழுக்க ஒரே விதி, வாட்ஸ்அப்புக்கு ஏன் இல்லை?

(காரைக்குடியில் நடந்த நமது கட்சியின் இணைய அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை. நேரில் வர முடியாத தோழர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் இங்கே.)



இன்னைக்கு நான் யாரையும் திட்டப் போறதில்லை. அதுக்கு வேற மேடை இருக்கு. முதல்ல என்னைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன்.

2018 ஏப்ரல், மே மாதங்கள் ஞாபகம் இருக்கா? வடநாட்டில் இருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்குன்னு ஆடியோவும் வீடியோவும் எல்லா குரூப்பிலும் சுத்துச்சு. எனக்கும் ஒரு ஆடியோ வந்தது. முழுசாக்கூட கேட்கலை. ரெண்டு குரூப்புக்கு தட்டி விட்டேன். ஒண்ணு எங்க சொந்தக்காரங்க குரூப், இன்னொண்ணு நம்ம கட்சியின் வார்டு குரூப். "உண்மையோ பொய்யோ, எதுக்கும் ஜாக்கிரதையா இருக்கட்டும்"னு நினைச்சேன். இங்கே உட்கார்ந்திருக்கிற பல பேர் அப்படித்தான் நினைச்சிருப்பீங்க.

மே 9-ம் தேதி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் அத்திமூர். சென்னையில் இருந்து ஒரு குடும்பம் கோயிலுக்குக் காரில் வந்திருந்தது. அவர்களோடு மலேசியாவில் இருந்து வந்த உறவினர்களும் இருந்தார்கள். வழி கேட்க வண்டியை நிறுத்தியவர்கள், அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்கள். அவ்வளவுதான். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று சொல்லி ஊரே கூடி அடித்தது. 65 வயது அம்மா ஒருவர் அங்கேயே உயிரை விட்டார். அதே வாரம் பழவேற்காட்டில் இன்னொருவரை அதே சந்தேகத்தில் அடித்துக் கொன்றார்கள்.

நான் அனுப்பின ஆடியோ அத்திமூருக்குப் போயிருக்காது. அப்படிச் சொல்லித்தான் என்னை நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். ஆனால் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மலேசியாவில் இருந்து வந்த சொந்தக்காரர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு குலதெய்வக் கோயிலுக்குப் போவது யார் பழக்கம்? நம்ம செட்டிநாட்டுப் பழக்கம்தானே? பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, இரணியூர், வயிரவன்பட்டின்னு தினமும் எத்தனை கார் வழி கேட்டு நிற்குது! அந்தக் கார் நம்ம ஊர்க் காராக இருந்திருக்கலாம். அடித்த கூட்டம் நம்ம ஊர்க் கூட்டமாகவும் இருந்திருக்கலாம். அது இன்னும் கொடுமை.

அந்த மாதங்களில் இந்தியா முழுக்கச் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, பைக்கில் வந்து குழந்தையைத் தூக்கிப் போகிற காட்சி. அது பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் குழந்தையைத் திருப்பி இறக்கிவிட்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அட்டை காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டார்கள். கராச்சியில் எடுத்தது, கலிபோர்னியா கம்பெனியின் ஆப்பில் ஏறி, நம்ம தெருவுக்கு வந்து ஆளை அடிக்க வைக்குது. இதுக்கு எந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுப்பீங்க?

அப்புறம் என்ன நடந்தது? 2018 ஜூலையில் வாட்ஸ்அப் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கோ 5 குரூப்புக்கோதான் ஃபார்வர்ட் செய்யலாம். மற்ற நாடுகளுக்கு 20. ஆறு மாதம் கழித்து, 2019 ஜனவரியில்தான் உலகம் முழுக்க 5 என்று ஆனது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே நிறைய கை மாறிய செய்தி என்றால் ஒரு தடவைக்கு ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று குறைத்தார்கள்.

நல்ல மாற்றம்தான், குறை சொல்லலை. ஆனால் கவனிங்க. 5 என்று முடிவு செய்தது எந்த நாடாளுமன்றம்? எந்தச் சட்டம்? ஒண்ணும் இல்லை. உயிர் போன பிறகு, ஒரு கம்பெனி தன் அலுவலகத்தில் உட்கார்ந்து எடுத்த முடிவு. நாளைக்கு அதையே 50 ஆக்கினாலும் உங்களைக் கேட்கத் தேவையில்லை. நம்ம சனத்தின் உயிர் ஒரு செட்டிங்ஸில் இருக்கு, அந்த செட்டிங்ஸ் நம்ம கையில் இல்லை. இதுதான் இன்னைக்கு நான் பேச வந்த விஷயம்.

"உலகம் முழுக்க ஒரே விதியா? நடக்கிற காரியமா?"ன்னு சிலர் கேட்கிறாங்க. நடந்திருக்கு. அதுக்கு சாட்சி இந்த ஊரே.

நம்ம ஊர்ப் பெரிய வீடுகளில் பழைய அலமாரியைத் திறந்தால் கட்டுக்கட்டாக லெட்டர் இருக்கும். ரங்கூனில் இருந்து, பினாங்கில் இருந்து, கொழும்பில் இருந்து, சைகோனில் இருந்து. வட்டிக்கடைக்குப் போன ஐயா மூணு வருஷத்துக்கு ஒருமுறைதான் ஊர் திரும்புவார். அதுவரைக்கும் ஆச்சிக்கு அந்த லெட்டர்தான். சைகோன் பிரெஞ்சுக்காரன் ஆட்சி, ரங்கூன் வெள்ளைக்காரன் ஆட்சி. பிரெஞ்சு நாட்டு ஸ்டாம்பு ஒட்டின கவரை பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த தபால்காரர் ஏன் மதித்தார்? ஏன் "எங்க ஸ்டாம்பு ஒட்டலையே, திருப்பி அனுப்பு"ன்னு சொல்லலை?

1874 அக்டோபர் 9-ம் தேதி சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் 22 நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை போட்டன. அதில் பிறந்ததுதான் உலகத் தபால் ஒன்றியம். அதுக்கு முன்னாடி ஒவ்வொரு நாடும் மற்ற ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனி ஒப்பந்தம், தனித்தனிக் கட்டணம், ஒரே குழப்பம். பெர்ன் அதை மாற்றியது. கடிதம் போக்குவரத்தில் உறுப்பு நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே நிலப்பரப்பு என்று வைத்தார்கள். அனுப்புகிற நாட்டு ஸ்டாம்பு போதும், மற்ற நாடுகள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். 1876 ஜூலையில் இந்தியாவும் சேர்ந்தது. அன்றைக்கு ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டிருந்த நாடுகள்தான் அதில் கையெழுத்துப் போட்டன என்பதை மறக்காதீங்க.

இதில் முக்கியமான ஒண்ணு. லெட்டரில் என்ன எழுதலாம், எழுதக்கூடாது என்று பெர்னில் பாடம் நடத்தவில்லை. எப்படிக் கொண்டுபோவது, தொலைந்தால் யார் பொறுப்பு, என்ன கட்டணம், இவ்வளவுதான் பேசினார்கள். நாம் கேட்பதும் அந்த மாதிரி விதிதான். நீங்க என்ன எழுதறீங்கன்னு ஒட்டுக்கேட்கிற விதி அல்ல.

"தபால்காரர் வேற, ஃபேஸ்புக் வேற" என்பீங்க. ஒத்துக்கறேன். தபால்காரர் உங்க லெட்டரை உங்க வீட்டில் கொடுத்துட்டுப் போயிடுவார். வந்த லெட்டரில் எது ரொம்பக் கோபமா இருக்குன்னு பார்த்து, அதை மட்டும் ஆயிரம் காப்பி எடுத்து, தெருவில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் போட்டு, ஒவ்வொரு காப்பியிலும் ஒரு விளம்பரம் ஒட்டிக் காசு பார்க்கிற தபால்காரரை நீங்க பார்த்திருக்கீங்களா? எழுதினவனைத் தண்டிக்க நம்மகிட்ட சட்டம் இருக்கு. ஆயிரம் காப்பி எடுத்தவனை என்ன செய்யறது? அங்கேதான் ஓட்டை.

சரி, விதி வேணும். யார் எழுதறது? இங்கே ஒரு கசப்பான விஷயம் சொல்லணும். இந்த ஊரில் நின்று சொல்வதால் யாரும் கோவிச்சுக்காதீங்க.

நம்ம நகரத்தார் பர்மாவில் தொழில் செய்தபோது அவர்களுக்குள்ளும் ஒரு பொது விதி இருந்தது. ரங்கூன் கோயிலில் மாதம் ஒருமுறை கூடி நடப்பு வட்டி என்னவென்று பேசி முடிப்பார்கள். அதைச் சுற்றித்தான் கணக்கு நடக்கும். ஒரு கடையின் உண்டியலை இன்னொரு கடை மதிக்கும். அரசாங்க அதிகாரி யாரும் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை, வாக்குதான் எல்லாம். உலகமே வியந்த ஒழுங்கு. ஆனால் அந்தக் கூட்டத்தில் நெல் விளைவித்த பர்மிய விவசாயிக்கு இடம் இல்லை. 1930-களில் நெல் விலை விழுந்தபோது கடன் கட்ட முடியாமல் நிலம் கை மாறியது. அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் கால் பங்கு நிலம் செட்டியார்கள் கையில். அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை, பணமாகத்தான் கேட்டார்கள் என்பது உண்மை. பர்மியர்களுக்கு நம் மேல் வந்த கோபமும் உண்மை. விதி ஒழுங்காக இருந்தால் போதாது. அதை எழுதுகிற இடத்தில் யாருக்கு நாற்காலி போட்டார்கள் என்பதைப் பார்க்கணும்.

இன்றைக்கு நாம் இருப்பது அந்த பர்மிய விவசாயியின் இடத்தில். கம்பெனிகள் தங்களுக்குள் எழுதிக்கொள்கிற "சமூக விதிமுறைகள்" எந்த மொழியை மனசில் வைத்து எழுதப்படுது? 2021-ல் ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. அங்கே வேலை பார்த்த பிரான்சிஸ் ஹாகன் கொண்டுவந்தார். தவறான தகவலை அடையாளம் காணும் வேலைக்கு ஒதுக்கியதில் 87 சதவீதம் அமெரிக்காவுக்கு, மிச்சம் 13 உலகம் முழுக்க என்று அதை வைத்து நியூயார்க் டைம்ஸ் எழுதியது. தினசரிப் பயனாளர்களில் வட அமெரிக்கர்கள் பத்தில் ஒரு பங்குதான். கணக்கு முழுமையில்லை என்று கம்பெனி மறுத்தது. ஆனால் கம்பெனியே ஒத்துக்கொண்ட இன்னொன்று இருக்கு. வெறுப்புப் பேச்சைத் தானாகக் கண்டுபிடிக்கும் கருவி இந்திக்கு 2018-ல் வந்தது, வங்காளத்துக்கு 2020-ல், தமிழும் உருதும் அதுக்கும் அப்புறம். 2011 கணக்கெடுப்புப்படி இந்தியாவில் மட்டும் 6.9 கோடிப் பேருக்குத் தாய்மொழி தமிழ். நம்மகிட்ட விளம்பரக் காசு வாங்க மட்டும் கருவி முதல் நாளே ரெடி. இதை மொழி உரிமைன்னு நாம் பேசலைன்னா வேற யார் பேசுவாங்க?

மொழி தெரியாமல் கடை திறந்தால் என்ன ஆகும் என்பதை அதே பர்மாவில் பார்த்தோம். மியான்மரில் ரோகிங்யா மக்கள் மேல் நடந்த கொடுமையில் ஃபேஸ்புக்குக்குப் பங்கு இருந்தது என்று ஐ.நா. விசாரணைக் குழு 2018-ல் சொன்னது. போதுமானதைச் செய்யவில்லை என்று கம்பெனியும் அதே ஆண்டு ஒப்புக்கொண்டது.

இலங்கை இன்னும் பக்கம். 2018 பிப்ரவரி, அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சிங்களவர்களுக்குப் பிள்ளை பிறக்காமல் போக உணவில் மாத்திரை கலக்கிறார்கள் என்று வதந்தி. மெஸ்ஸுக்குப் பேர் போன ஊர்க்காரங்க நீங்க, ஒரு கடை மேல் அப்படி ஒரு பழி விழுந்தால் என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டாம். அடுத்த மாதம் கண்டி மாவட்டம் திகணையில் முஸ்லிம்களின் வீடும் கடையும் பள்ளிவாசலும் எரிந்தன. வன்முறையைத் தூண்டும் சிங்களப் பதிவுகளைப் பற்றி அங்கிருந்தவர்கள் முன்னாடியே புகார் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. அரசாங்கம் சமூக ஊடகங்களையே ஒரு வாரத்துக்கு மூடிய பிறகுதான் கம்பெனி அதிகாரிகள் கொழும்புக்கு விமானம் ஏறினார்கள். மன்னிப்பு 2020 மே மாதம் வந்தது. இரண்டு வருஷம் கழித்து.

இதுவே பாரிஸாக இருந்தால்? பாரிஸ் லா சாப்பல் பகுதியில் கடை வைத்திருக்கிற நம்ம தமிழர் ஒருவர், நீங்க வைத்திருக்கிற அதே ஆப்பைத்தான் வைத்திருக்கார். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரி 17 முதல் அங்கே முழுசாக அமலில் இருக்கு. அவர் போட்ட பதிவை நீக்கினால் காரணம் சொல்லியாகணும். அவர் மேல்முறையீடு செய்யலாம். அவரை வேவு பார்த்து வரிசைப்படுத்தாத பதிவுகளைக் காட்டு என்று பெரிய தளங்களைக் கேட்கலாம். சிறுவர்களைக் குறிவைத்து, அவர்கள் தகவலை வைத்து விளம்பரம் காட்ட முடியாது. மீறினால் உலக வருமானத்தில் 6 சதவீதம் வரை அபராதம். காரைக்குடியில் இருக்கிற அவர் தம்பிக்கு? 2021 விதிகளின்படி குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்கார், 24 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்வார், குறித்த கெடுவுக்குள் பதில் வரணும். அண்ணனுக்கு ஒரு நியாயம், தம்பிக்கு ஒரு நியாயம், ஆப் மட்டும் ஒண்ணு.

"அப்போ அரசாங்கமே கடுமையான சட்டம் போடட்டுமே"ன்னு கை தட்டத் தோணும். கொஞ்சம் பொறுங்க. அரசாங்கம் கையில் முழு அதிகாரத்தையும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். 66ஏ பிரிவு ஞாபகம் இருக்கா? 2012-ல் புதுச்சேரியில் ஒரு ட்வீட்டுக்காக ஒருவரை அதிகாலையில் கைது செய்தார்கள். அதே ஆண்டு மகாராஷ்டிராவின் பால்கரில் ஃபேஸ்புக்கில் ஒரு கருத்து எழுதிய பெண்ணையும், அதுக்கு லைக் போட்ட பெண்ணையும் கைது செய்தார்கள். லைக் போட்டதுக்கு! 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அதுக்கு மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தையே நிறுத்தினார்கள். மகன் உயிரோடு இருக்கானான்னு தெரிய வேண்டிய நேரத்தில். இன்றும் 69ஏ பிரிவில் ஒரு பதிவை முடக்க உத்தரவு போனால், 2009 விதிகளின் 16-வது விதிப்படி அது ரகசியம். இலங்கையும் 2024 ஜனவரியில் ஒரு இணையப் பாதுகாப்புச் சட்டம் போட்டது. திகணையைக் காரணம் காட்டினால் நியாயமாகத் தெரியும். ஆனால் எது பொய் என்று முடிவு செய்கிற ஆணையத்தை நியமிப்பவர் ஜனாதிபதி. அங்கே இருக்கிற பத்திரிகையாளர்களும் தமிழர்களும் அதை எதிர்த்ததில் ஆச்சரியம் உண்டா?

கம்பெனியிடம் மட்டும் விட்டால் அத்திமூர், அரசிடம் மட்டும் விட்டால் 66ஏ. அதனால்தான் இரண்டு பேரையும் கட்டுப்படுத்துகிற மாதிரி, நாடுகளுக்கு மேலான ஒரு பொது விதி கேட்கிறோம். இது ஏதோ நாம் மட்டும் காணும் கனவும் இல்லை. யுனெஸ்கோ 2023 நவம்பரில் வழிகாட்டி நெறிகள் வெளியிட்டது. 2024 செப்டம்பரில் ஐ.நா. சபை உலக டிஜிட்டல் ஒப்பந்தத்தை ஏற்றது. ஆனால் இரண்டும் யாரையும் கட்டுப்படுத்தாது. பெர்னில் போட்ட மாதிரி நாடுகளைக் கட்டுப்படுத்துகிற உடன்படிக்கை இன்னும் இல்லை.

அதில் நாம் கேட்க வேண்டியது எளிமையானதுதான். எந்த மொழியில் வியாபாரம் செய்கிறாயோ, அந்த மொழி தெரிந்த ஆட்களைப் போதுமான அளவு வை, எத்தனை பேர் என்று வெளியே சொல். பாரிஸில் கொடுக்கிற உரிமையைக் காரைக்குடியிலும் கொடு. ஒரு செய்தி எத்தனை வேகத்தில், எதனால் பரவுது என்பதை ஆராய்ச்சியாளர்கள் பார்க்க வழி விடு. அது நம்ம அழகப்பா பல்கலைக்கழக மாணவராக இருந்தாலும் சரி. அரசுகளுக்கும் ஒரு கோடு: எந்தப் பதிவை நீக்கச் சொன்னாய், ஏன் சொன்னாய் என்பதைப் பொதுவில் வை, பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் போகட்டும். தனிப்பட்ட செய்தியின் பூட்டை உடைக்கச் சொல்லாதே. இந்தக் கடைசி விஷயத்தில் நம்ம கட்சிக்குள்ளேயே ரெண்டு கருத்து இருக்கு. முதலில் அனுப்பினவனைக் கண்டுபிடிக்க வழி வேணும்னு சில தோழர்கள் சொல்றாங்க. அத்திமூரை நினைச்சா எனக்கும் அப்படித் தோணும். தூத்துக்குடியை நினைச்சா வேண்டாம்னு தோணும். நான் வேண்டாம் பக்கம்.

உலகத்துக்கு விதி கேட்கிறவன் முதலில் தன் வீட்டில் அதை வைக்கணும். 2023 மார்ச்சில் என்ன நடந்தது? தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பரவின. அதில் ஒன்று ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த கொலை. நம்ம ஊர் ஓட்டலிலும் கட்டட வேலையிலும் இருந்த பிள்ளைகள் பயந்துபோய் ரயிலேறினார்கள். பீகார் அரசு இங்கே குழுவை அனுப்பியது. நமக்கு எவ்வளவு வலிச்சது, "எங்களைப் பத்திப் பொய் சொல்றானுங்களே"ன்னு! ஆனால் ஐந்து வருஷத்துக்கு முன்னாடி அதே வடநாட்டுக்காரனைப் பிள்ளை பிடிக்கிறவன்னு சொல்லி ஃபார்வர்ட் பண்ணினது நாமதான். நானும்தான்.

நம்ம இணைய அணியும் சுத்தம் இல்லை. எதிர்த்தரப்புத் தலைவர் பேசினதில் பாதியை வெட்டிப் போட்ட வீடியோ நம்ம குரூப்பில் வந்ததில்லையா? அதுவும் கராச்சி வீடியோவை வெட்டின கத்திதான். இப்போ ஏஐ வந்து குரலையும் முகத்தையும் செய்து கொடுக்குது. இன்று முதல் சிவகங்கை மாவட்டத்தில் நம்ம அணி நடத்துகிற குரூப்களில் மூணு விஷயம். எங்கே, எப்போது எடுத்தது என்று தெரியாத வீடியோ போகாது. ஏஐ-யில் செய்தது என்றால் மேலேயே தமிழில் எழுதியிருக்கும். தப்பாகப் போட்டுவிட்டால் சத்தமில்லாமல் அழிக்கக்கூடாது, "தவறு, மன்னிக்கவும்" என்று அதே குரூப்பில் எழுதணும். லைக் குறையும்னு ஒரு தம்பி இப்பவே சொல்றார். குறையட்டும் தம்பி.

அந்த ஆடியோவை நான் அனுப்பின ரெண்டு குரூப்பில் சொந்தக்காரங்க குரூப் இன்னும் இருக்கு. போன வாரம் அதில் எழுதினேன்: "2018-ல் நான் இங்கே அனுப்பிய பிள்ளை பிடிக்கிற ஆடியோ பொய். விசாரிக்காமல் அனுப்பியது என் தப்பு." ரொம்ப நேரம் யாரும் பதில் போடலை. அப்புறம் பினாங்கில் இருக்கிற எங்க சித்தி மட்டும் எழுதினாங்க: "அந்த வருஷம் நாங்க ஊருக்கு வந்து, கோயிலுக்குப் போகப் பயந்துகிட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தோம்ப்பா. ஆடியோ உன்கிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு இப்பதான் தெரியுது."